ஏஞ்சலின் பாட்டிக்கு அடித்த மணி

தவறான கயிற்றை இழுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால், அதுவரைக்கும் என்னை நல்லவன் என்று நம்பிப் படித்ததற்காக நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கச்சான் காற்று கடற்கரை மணலை வாரி வீட்டுக்கு வீடு விநியோகம் செய்துகொண்டிருந்தது. கோயிலில் மணியடிக்கிற தேவபிரசாதம், சுளுக்கிய கணுக்காலைக் கோயில் வாசற்படியில் நீட்டி வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

“பிரதர், ஒரு ஒத்தாசை. ஏஞ்சலின் பாட்டி போய்ட்டாவ. மணி அடிக்கணும். இந்தக் காலை வச்சிக்கிட்டு நான் மாடி ஏற முடியல.”

“எனக்கு அடிக்கத் தெரியாதே அண்ணாச்சி.”

“என்னத்தத் தெரியணும்? இழுத்தா அடிக்கும். உங்க ஊர்க் கோயில்ல மணி கெடையாதா?”

“உண்டு. ஆராதனைக்கும் அதான், தீப்பிடிச்சாலும் அதான்.”

“இங்கன அப்படி இல்ல. ரெண்டு கயிறு தொங்கும். எடது கயித்தைப் பிடிங்க. விட்டு விட்டு, நிதானமா இழுங்க. செத்தவளுக்கு அடிக்கோம், ஐஸ் விக்க அடிக்கல.”

நான் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரன். சி.எஸ்.ஐ. சபை. கத்தோலிக்கக் கடற்கரையில் ஊழியம் செய்ய வந்து வருஷக்கணக்காகியும் அந்தக் கோயிலுக்குள் என்னை யாரும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேவபிரசாதம் சொன்ன இடது, பீடத்தைப் பார்த்து நிற்பவனுக்கு இடது. நான் பின்பக்கப் படியில் ஏறி, பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கையில் கிடைத்தது பெரிய மணியின் கயிறு. உள்ளமுருகி இழுத்தேன். சத்தம் நடுக்கடல் வரைக்கும் போயிருக்கும். கீழே தேவபிரசாதம் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. அடித்து முடித்து, பின்வாசல் வழியாகவே இறங்கி, என்னையே மெச்சிக்கொண்டு நடந்தேன்.

இந்தக் கரையில் ஆண் இறந்தால் பெரிய மணி, பெண் இறந்தால் சின்ன மணி. இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஊருக்கு மன்னிப்பைப் பற்றி உபதேசம் செய்ய வந்தவனுக்கு மணியைப் பற்றி விசாரிக்க நேரமேது?

அன்றைக்கு அந்தத் தெருவே ஒரே ஒரு ஆணின் சாவுச் சேதிக்காகத்தான் காதைத் தீட்டி வைத்திருந்தது. எனக்குச் சோறு போடுகிற எமில்டாக்காவின் மூத்த மகன் ரெக்ஸ். வயிற்றில் கத்திக்குத்து வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தான். காலையில் டாக்டர், “இன்னைக்குப் பொழுது போகட்டும், அப்புறம் சொல்லுதேன்” என்று சொல்லியிருந்தார்.

குத்தியவன் இனிகோ. சங்கு குளிக்கிறவன். போன திருவிழாப் பந்தாட்டத்தில் ஏதோ ஒரு கோல் செல்லுமா செல்லாதா என்று தொடங்கிய பேச்சில், ரெக்ஸ் துடுப்பை எடுத்து இனிகோவின் கையை முறித்தான். கை கோணலாகக் கூடியது. கோணல் கையோடு முக்குளிக்க முடியாது. ஒரு சீசன் முழுக்க இனிகோ கரையில் உட்கார்ந்து மற்றவன் அள்ளி வந்த சங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் ரெக்ஸ், “என்னலே, கோணக்கையா” என்று கூப்பிட்டிருக்கிறான். அவ்வளவுதான்.

குத்திய கத்தியைக் கடலில் எறிந்துவிட்டு இனிகோ நேராக ஓடி வந்தது என்னிடம்.

உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கி ஒன்றை நான் வாடகைக்குப் பிடித்து ‘புதுவாழ்வு மன்றம்’ என்று பலகை மாட்டியிருந்தேன். வெட்டு, குத்து என்று உள்ளே போய் ஜாமீனில் வருகிறவர்கள் அங்கே வருவார்கள். காலையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போவேன். சாயங்காலம் கேரம், கொஞ்சம் வேதவாசிப்பு, சுக்குக் காப்பி. ஊரில் அதற்கு ‘ஜாமீன் கோயில்’ என்று பெயர். ரெக்ஸ், அவன் தம்பி டெரன்ஸ், இனிகோ மூன்று பேருமே என் கோயிலில் கேரம் அடித்தவர்கள்தான். துடுப்புச் சண்டைக்கு அப்புறம் ரெக்ஸையும் இனிகோவையும் எதிரெதிரே உட்கார வைத்து, “மன்னிச்சிட்டியா?” என்று கேட்டேன். ஒருத்தன், “ரெட் காயை யாரு போட்டா?” என்றான். இன்னொருத்தன் மேற்கூரையைப் பார்த்தான். சமாதானம் ஆகிவிட்டது என்று நான் டயோசீஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் ஊழியத்தின் லட்சணம் அது.

இனிகோவைக் கிட்டங்கியின் பின்னறையில் வைத்தேன். சனியும் ஞாயிறும் கோர்ட்டு இல்லை. திங்கட்கிழமை காலையில் வக்கீலோடு போய்ச் சரணடையச் செய்வது என்று ஏற்பாடு. போலீஸ் வந்து கேட்டபோது தெரியாது என்றேன். டெரன்ஸ் வந்து கேட்டபோதும் தெரியாது என்றேன். டெரன்ஸ் துறைமுகத்தில் கப்பலேறி கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலைக்காரன். அவன் தோளைப் பார்த்தால் யாருக்கும் சத்தியம் சொல்லத் தைரியம் வராது.

“சத்தியமா தெரியாதா பிரதர்?”

“சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்குடே.”

அவன் வாசல் பலகையை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

எனக்குச் சாப்பாடு எமில்டாக்கா வீட்டிலிருந்துதான். மாதச் சாப்பாடு. கலியாணம் ஆகாதவன் என்று அவர்களுக்கு என்மேல் இரக்கம். வெள்ளிக்கிழமை இரவிலிருந்து, “பசி ஜாஸ்தியா இருக்குக்கா, கொஞ்சம் கூட வையுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் சாகக் கிடக்கிற வீட்டில் போய்ப் பசி ஜாஸ்தி என்று கேட்டவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிவாக்கில் கேரியர் வாங்கப் போனேன். எமில்டாக்கா ஆஸ்பத்திரியிலிருந்து குளித்து உடுத்த வந்திருந்தார். அங்கே ரெக்ஸின் பெண்டாட்டி விஜிலா காவல் இருந்தாள். இங்கே அக்கா அருவாமனையில் விளமீன் அரிந்துகொண்டிருந்தார். கை தன்பாட்டுக்குச் செதிலைச் சீவியது. அடுப்பில் புளி கொதித்தது. டெரன்ஸ் நடையில் முதுகைச் சாய்த்து, போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ரெக்ஸ் எப்படி இருக்கான்க்கா?”

“மூச்சு இருக்கு.”

“நான் உபவாசம் இருக்கலாம்னு...”

“பசி ஜாஸ்தின்னிய?”

டெரன்ஸ் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தான். “பிரதர் உபவாசத்துக்கு மட்டும் ரெண்டாள் சோறு வேணும்மா.”

“நீ சும்மா கெடலே. சாப்பிட்டியா?”

“எறங்கல.”

“எறங்காட்டி தண்ணி ஊத்திக் குடி. அண்ணனுக்கு ஒண்ணுன்னா தூக்க ஆளு வேணும்லா.”

“தூக்கதுக்கா? நான் வேற எதுக்கோ இருக்கேன்.”

“ஏலே டெரன்ஸ்” என்றேன். “பழிவாங்குதல் யாருக்குரியதுன்னு போன மாசம் வாசிச்சோமே.”

“கர்த்தருக்கு. அவரு நம்ம தெருவுக்கு எப்ப வாரார்னு கேட்டுச் சொல்லுங்க. நான் வழி விட்டு நிக்கேன்.”

நான் அக்கா பக்கம் திரும்பினேன். என் தொழிலுக்கென்று ஒரு கேள்வி இருக்கிறதே. “எமில்டாக்கா, நீங்களாவது மனசுல மன்னிச்சிட்டியளா?”

“உப்பு பாருங்க” என்று அகப்பையை நீட்டினார்.

பார்த்தேன். சரியாக இருந்தது. அக்கா கேரியரின் அடித்தட்டில் சோற்றை அமுக்கி அமுக்கி வைத்தார். மேல்தட்டில் குழம்பு. அதற்குள் விளமீன் தலையை முழுசாக இறக்கினார்.

“நேத்தும் தலை, இன்னைக்கும் தலையா? எனக்கு எதுக்குக்கா? நான் பனங்காட்டுக்காரன். நடுத்துண்டம் போதும்.”

“இருக்கட்டும். தின்னு பழகுங்க.”

பின்னறையில் இனிகோ கேரியரைத் திறந்ததும் முகர்ந்தான். பிறகு கொஞ்ச நேரம் கை வைக்கவில்லை.

“பிரதர், நேத்தே கேக்க நெனச்சேன். இது எமில்டா மாமி புளி.”

“ஆமா. எனக்கு அங்கனதான சாப்பாடு.”

“மாமிக்குத் தெரியுமா?”

“எப்படிடே தெரியும்? நான் வாயே தெறக்கல.”

“சின்னதுல ரெக்ஸும் நானும் ஒரே தட்டுல திம்போம். தலைக்கு அடிச்சிக்கிடுவோம். மாமி ஆளுக்கு ஒரு கண்ணு தோண்டிக் குடுக்கும்.” அவன் தலையை எடுத்தான். நேரான கை பிடிக்க, கோணல் கை பிளந்தது. செவுளுக்குள்ளும் தாடைக்குள்ளும் விரலை விட்டு, சதையென்று ஒரு நூல் விடாமல் உறிஞ்சினான். தட்டில் மிச்சம் விழுந்த எலும்புகள் கழுவி வைத்ததுபோல் வெள்ளையாக இருந்தன. தின்றுகொண்டே அழுதான். எதற்கு அழுகிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் நேராகப் பதில் வராது.

கோர்ட்டுக்குப் போட்டுப்போக அவனுக்கு ஒரு சட்டை வாங்கி வரலாம் என்று கிளம்பினேன். அப்படிப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் தேவபிரசாதம் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கியது.

மணியடித்துவிட்டு நான் கிட்டங்கிக்குள் நுழைந்து சட்டையைக் கொடுத்தேன். இனிகோ முகம் செத்துப்போயிருந்தது.

“பிரதர், மணி கேட்டிச்சா?”

“நான்தான்டே அடிச்சேன்! எப்படி இருந்துச்சு?”

அவன் பதில் சொல்வதற்குள் முன்கதவு ஒரே உதையில் தாழ்ப்பாளோடு உள்ளே வந்து விழுந்தது.

டெரன்ஸ். கையில் அருவாள். அவன் எதையும் தேடவில்லை. கேரம் போர்டைத் தாண்டி, தண்ணீர்ப் பானையைத் தாண்டி, நேராகப் பின்னறைக்கு வந்தான். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். மறித்து என்றால், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“டெரன்ஸ், வேண்டாம்டே.”

“வெலகுங்க. எங்கண்ணன் செத்துட்டான்.”

“யாரு சொன்னா? விஜிலா போன் பண்ணாளா?”

“ஆஸ்பத்திரிக்குள்ள அவ போனுக்கு டவர் எடுக்காது. மணி கேக்கலியா உங்களுக்கு?”

“ஏலே, அது ஏஞ்சலின் பாட்டிக்கு! நான்தான் அடிச்சேன்!”

“பொம்பளைக்கு எவன் பெரிய மணி அடிப்பான்?” அவன் என் சட்டையைப் பிடித்து முகத்துக்கு நேரே இழுத்தான். “இனிகோ எங்கன்னு கேட்டேன். தெரியாதுன்னிய. இப்ப ஏஞ்சலின் பாட்டிங்கிய. வாயத் தெறந்தா பொய்யி. உம்ம பொய்யி முடிஞ்சிச்சி ஓய்.”

என்னிடம் அப்போது ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. அதை வாங்க ஆளில்லை.

ஒரு தள்ளு தள்ளினான். நான் போய்க் கேரம் போர்டின்மேல் விழுந்தேன். அந்தப் போர்டையே தூக்கிக்கொண்டு ஓடி இருவருக்கும் நடுவில் நீட்டினேன். முதல் வெட்டு பலகையில் இறங்கிச் சிக்கியது. அவன் அருவாளைப் பிடுங்கிய வேகத்தில் பலகை என் தாடையில் அடித்து, வாய்க்குள் ஒரு பல் தனியாகக் கழன்று உருண்டது. இனிகோ ஓட இடமில்லை. பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. உப்பு வைக்கிற இடத்தில் ஜன்னல் எதற்கு? சுவரோடு ஒட்டி, கோணல் கையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

இரண்டாவது வெட்டு அந்தக் கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் புதுச் சட்டையின்மேல் போய் விழுந்தன. சத்தம் இல்லை. இரத்தம் உப்புப் பூத்த சுவரில் தெறித்து, உறிஞ்சப்பட்டு, கறுத்தது. மூன்றாவது தோளில். இனிகோ சரிந்து உட்கார்ந்தான். “ரெக்ஸு... ரெக்ஸு...” என்றான். அவன் யாரிடம் பேசுகிறான் என்று தெரியவில்லை. டெரன்ஸ் அவன் முடியைப் பிடித்துக் கழுத்தை நிமிர்த்தினான். நான் டெரன்ஸின் காலைக் கட்டிக்கொண்டு, பல் போன வாயால் இயேசுவே இயேசுவே என்று கத்தினேன். அவன் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தான். அருவாள் மேலே போனது.

மணி அடித்தது.

மெல்லிய சத்தம். நிறுத்தி, நிறுத்தி, மறுபடியும். டெரன்ஸின் கை மேலேயே நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டான். இனிகோவும் கேட்டான். வெட்டுகிறவனும் வெட்டுப்படுகிறவனும் ஒரே பக்கம் காதை வைத்திருந்தார்கள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. ஜெபம் பலித்தது, என் கூப்பாட்டுக்குத்தான் கை நின்றது என்று நினைத்தேன்.

“சின்ன மணி” என்றான் இனிகோ.

டெரன்ஸ் குனிந்து என்னைப் பார்த்தான். “யாருக்கு?”

“ஏஞ்சலின் பாட்டி” என்றேன். “சத்தியமா.”

அருவாள் தரையில் விழுந்தது. டெரன்ஸ் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி இனிகோவின் கையில் சுற்றி, கன்டெய்னருக்குக் கம்பி இறுக்குவதுபோல் இறுக்கிக் கட்டினான். என் தப்பைத் திருத்தச் சுளுக்கிய காலோடு மாடி ஏறின தேவபிரசாதத்துக்குத் தான் என்ன செய்தோம் என்று அப்போது தெரியாது.

அன்று பொழுது போயிற்று. ரெக்ஸ் பிழைத்தான். இனிகோ தோளில் தையலும் மூன்று விரலுமாக ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் கிடந்து, அங்கிருந்து ஜெயிலுக்குப் போனான். டெரன்ஸ் அதே ஜெயிலில் வேறு பிளாக்கில் இருந்தான். என்மேலும் ஒரு வழக்கு. ஆளை ஒளித்து வைத்தது. இப்போது நானும் கண்டிஷன் ஜாமீனில் காலையில் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். என் மன்றத்து ஆட்களோடு ஒரே வரிசையில். “வாங்க பிரதர், இப்பத்தான் கோயில் களை கட்டுது” என்கிறார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. டெரன்ஸ் எதையும் தேடாமல் நேராகப் பின்னறைக்கு எப்படி வந்தான்? ஜெயிலில் மனு போட்டுப் பார்த்தபோது கேட்டேன். “வெளிய மழை உண்டா பிரதர்?” என்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த ரெக்ஸிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டான். விஜிலா, “அண்ணாச்சி, பல்லு கட்டலியா?” என்று கேட்டாள். தேவபிரசாதத்திடம் கேட்டேன். “மொதல்ல எடது எது, வலது எதுன்னு கேட்டுப் படிச்சிட்டு வாரும்” என்றார். அது நியாயம்தான்.

எமில்டாக்கா வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. மணியடித்தது நான் என்று ஊருக்கே தெரியும். அக்கா என்னை வாசல் பெருக்குகிற வாரியலால் அடித்திருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். நான் கடையில் பரோட்டா தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு அலைந்தேன்.

ரெக்ஸ் வீட்டுக்கு வந்த அன்று அக்காவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். ரெக்ஸ் உள்ளே படுத்திருந்தான். அக்கா அதே இடத்தில் அருவாமனைக்கு முன்னால் இருந்தார். விளமீன். அடுப்பில் ஒரு பக்கம் ரெக்ஸுக்குக் கஞ்சி, ஒரு பக்கம் புளி.

“உக்காருங்க. வாசல்ல நின்னா காத்து மறையுதுல்லா.”

உட்கார்ந்தேன். “எக்கா, அந்த மணி...”

“இடுப்புல சீக்கு வந்தவன் மாதிரி நெளியாதிய. கேக்கத கேளுங்க. ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியுதியளாமே.”

மன்னித்துவிட்டீர்களா என்ற என் பழைய கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல் போன ஓட்டையில் அது தங்கவில்லை. அதை விழுங்கிவிட்டு, எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியதைக் கேட்டேன்.

“இனிகோ எங்கிட்ட இருக்கான்னு டெரன்ஸுக்கு யாருக்கா சொன்னது?”

அக்கா கத்தி வாயில் வைத்த மீனை எடுக்கவில்லை.

“நாந்தான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சனிக்கிழமை கேரியர் திரும்பி வந்துச்சு. தலை எலும்பு பளிச்சுன்னு கெடந்துச்சு. நீங்க தலை தின்னா பாதிச் சதைய அப்படியே போட்டுட்டுக் கையக் கழுவுவிய. எம்புள்ளையளுக்கும் இனிகோவுக்கும் தலை திங்கப் படிச்சுக் குடுத்தவளே நாந்தான். ஒருத்தன் ஆஸ்பத்திரில கெடக்கான், ஒருத்தன் நடையில கெடக்கான். பெறவு யாரு?”

“தெரிஞ்சுமா ஞாயித்துக்கிழமை மறுபடியும் தலை வச்சிய?”

“வச்சேன்.”

“ஏன்க்கா?”

உள்ளே ரெக்ஸ் இருமினான். அக்கா இருமல் நிற்கும் வரைக்கும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை என்மேல் வைத்தார். இந்தத் தெருவில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படி நேராகப் பார்த்ததில்லை.

“எம்புள்ளைக்கு மூச்சு இருந்துச்சு. அதான் அவனுக்குச் சோறு குடுத்தேன். மணி அடிச்சுது. அருவாள எடுத்து டெரன்ஸு கையில குடுத்தேன். ரெண்டையும் குடுத்தது இந்தக் கைதான் தம்பி.”